தேவையில்லை என்று சொன்னோம்

பூனைக்குப் பல் வைத்தியமா என்று சிரித்தவர்கள் வேறு யாரோ அல்லர். பூனைக்குப் பெயர் வைத்து, படம் எடுத்துப் போட்டு, தலையணையில் பாதியைக் கொடுத்த நாமேதான். ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, எக்ஸ்ரே, பல் பிடுங்குதல் என்று மருத்துவர் ஒவ்வொன்றாக எழுதி அடியில் தொகையைப் போட்டதும், "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம்" என்றோம். கேட்கவும் இல்லை, திரும்பப் போகவும் இல்லை.

தொகை பெரிதுதான். வாயைத் திறந்தபடி பூனை அசையாமல் உட்காராது. முழு மயக்கம் வேண்டும். அந்த மயக்கத்தைச் சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குமா என்று முன்பே ரத்தத்தில் பார்க்க வேண்டும். நோயின் பெரும்பகுதி ஈறுக்கு அடியில் இருப்பதால் எக்ஸ்ரே வேண்டும். இதில் ஆடம்பரம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் பேரம் பேசும்போது முதலில் எடுத்துவிடச் சொன்னது எக்ஸ்ரேயைத்தான். நம்மில் சிலர் மயக்கமே இல்லாமல் பல்லில் இறுகிய காறையைச் சுரண்டித் தருகிறவர்களைத் தேடிப் போனோம். பல் வெளுத்தது, ஈறுக்குள் இருந்தது அப்படியே இருந்தது.

நம் கணக்கு மருத்துவரின் மேசையில் தொடங்கவில்லை, பூனை வீட்டுக்கு வந்த விதத்தில் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கிய நாய்க்குத் தடுப்பூசி அட்டை போட்டோம். மழைக்கு ஒதுங்கி மாடிப்படிக்கடியில் குட்டி போட்ட பூனைக்கு மீன்குழம்புச் சோறு வைத்ததையே பெரிய தர்மமாக நினைத்தோம். சும்மா வந்த பூனைக்கு இவ்வளவு செலவா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் முடிவெடுத்தது அந்தக் கேள்விதான்.

பல் போனால் சொல் போச்சு என்பது மனிதர் பாடு. பூனைக்குப் பல் இருக்கும்போதே சொல் கிடையாது. தட்டுக்கு ஓடி வந்து, முகர்ந்து, பின்வாங்கியபோது "செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு, நெத்திலிதான் கேட்கிறது" என்றோம். தலையைச் சாய்த்து ஒரே பக்கமாக மென்றது அழகாக இருந்தது, வீடியோ எடுத்தோம். முதுகு முடி சிக்குப் பிடித்தபோது வயசாகிவிட்டது என்றோம். வாய் வலித்ததால் அது தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளவில்லை. வாய் நாற்றத்தின் பழியை மீன்மேல் போட்டோம். வலி இருந்தால் சாப்பிடுமா என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம். வலியோடும் பூனை சாப்பிடும். பசிக்கு வேறு வழியில்லை.

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். அவற்றின்மேல் படியும் அழுக்கு சில நாட்களிலேயே காறையாக இறுகத் தொடங்கும். ஈறு சிவந்து வீங்குவது வரை திருத்திக்கொள்ள முடியும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் இழந்ததை மீட்பது அரிது. அந்த முதல் கட்டத்தில்தான், வாயைத் திறந்து பார்ப்பதற்குக்கூட நாம் நேரம் ஒதுக்கவில்லை. கருவாட்டு முள் பல்லைத் தேய்த்துவிடும் என்று நம்பினோம். முள் எந்த ஈறோரத்தையும் துலக்கியதில்லை.

எல்லாமே நம் குற்றம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். பூனைகளுக்குப் பரவலாக வரும் ஒரு நோயில் உடலின் செல்களே பல்லைக் கரைத்துவிடுகின்றன. காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. துலக்கினாலும் தடுக்க முடியாது. ஈறோரத்தில் ஒரு சிவந்த புள்ளி போலத் தெரியும், தொட்டால் தாடை நடுங்கும். அந்தப் பல்லை எடுப்பதுதான் வைத்தியம். நோய் வந்தது நம்மால் அல்ல. அது மாதக்கணக்கில் நீடித்தது நம்மால்.

செலவுக்குப் பயந்து நாம் செய்த கைவைத்தியம் அதைவிட மோசம். மாத்திரை டப்பாவைத் திறந்து பாராசிட்டமாலைப் பாதியாக உடைத்துப் பாலில் கரைத்தவர்கள் நம்மில் உண்டு. அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ஒரே மாத்திரைகூட உயிரைக் குடிக்கும். பாட்டி சொன்ன கிராம்பு எண்ணெயும் பூனைக்கு நஞ்சுதான். இன்னும் சிலர் வாய் புண்ணானபோதெல்லாம் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். சில வாரம் நன்றாக இருக்கும், பிறகு மறுபடி ஊசி. ஆட்டோ காசையும் ஊசிக் காசையும் கூட்டிப் பார்த்திருந்தால், பல்லைப் பிடுங்கும் செலவை நெருங்கிவிட்டது தெரிந்திருக்கும். அந்த ஊசி தொடர்ந்தால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

"வயசான பூனை, மயக்கம் தாங்காது" என்பது நாம் அதிகம் சொன்ன காரணம். சில பூனைகளுக்கு அது உண்மை. நம்மில் பெரும்பாலோர் ரத்தம் பார்க்காமலே அதைச் சொன்னோம். பல்லை எல்லாம் எடுத்துவிட்டால் எப்படிச் சாப்பிடும் என்றும் கேட்டோம். புண் ஆறிய பூனை பல்லில்லாமலே நன்றாகச் சாப்பிடும். வலிக்கும் பல்லோடு சாப்பிட்டதைவிட நன்றாகவே சாப்பிடும்.

பணமே இல்லாத வீடுகள் நம்மிடையே உண்டு. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் பூனையின் பல்லையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த வீட்டுக்கும் வழி கேட்க உரிமை இருந்தது. மிக மோசமான பல்லை மட்டும் இப்போது எடுக்கலாமா, அதுவரை பூனைக்கென்றே உள்ள வலி மருந்து தர முடியுமா, தவணையில் கட்டலாமா என்று மருத்துவரைக் கேட்டிருக்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் செலவு குறைவு. நம்மில் பலர் கேட்காமல் போனது பணம் இல்லாததால் அல்ல. கேட்டால் வழி இருக்கிறது என்று தெரிந்துவிடும், பிறகு செய்தாக வேண்டும்.

இனிச் செய்யவேண்டியது பெரிதல்ல. மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈறோரத்தைப் பார்ப்போம். தடுப்பூசிக்குப் போகும்போது வாயையும் பார்க்கச் சொல்வோம். தீனி வாங்கும்போதே வைத்தியத்துக்கென்று ஒரு சிறு தொகையை எடுத்துவைப்போம். அப்படியும் ஒரு நாள் பணம் போதாமல் போனால், "எங்களால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் இதன் வலியைக் குறைக்க என்ன செய்யலாம்?" என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்போம். முடியவில்லை என்பதைத் தேவையில்லை என்று மாற்றிச் சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுவோம்.