திரும்பவும் ஸ்கானுக்கு வரச் சொன்னால்...

சென்ற இதழில் பள்ளிக்கூடப் பதிவு பற்றி எழுதினோம். இம்முறை வெளியில் கதைக்க வெட்கப்படும் விஷயம். வெட்கப்பட்டதாலேயே நாங்கள் மூன்று கிழமை நித்திரை இழந்தோம். அதனால் எழுதுகிறோம்.

எங்கள் இரண்டாவது பிள்ளைக்கு 19ஆம் கிழமையில் ஸ்கான் எடுத்தார்கள். இங்கே ரொறன்ரோவில் படம் எடுப்பவர் வாய் திறக்க மாட்டார். அறிக்கை டொக்டருக்குத்தான் போகும். அவரிடம் போகும்போது மொழிபெயர்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போனோம். ஏழாம் வகுப்புப் படிக்கிறவள், கெட்டிக்காரி. டொக்டர் இரண்டு நிமிடம் சொன்னதை, தலையைக் குனிந்துகொண்டு ஒரே வரியில் முடித்தாள்: "அங்கிள், பிள்ளையின்ரை அந்த இடம் சரியாத் தெரியேல்லையாம். திரும்ப எடுக்க வேணுமாம்."

வீடு வந்து சேருமுன்னே "சரியாத் தெரியேல்லை" என்பது "சரியில்லை" ஆகிவிட்டது. ஊரில் மாமி நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தா. ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் ஒரு பிள்ளையோ என்ற கேள்வி எங்கள் இருவர் மனதிலும் கிடந்தது. வாய்விட்டுக் கேட்டது ஒருநாள் இரவுதான். கேட்ட பிறகு இருவரும் பேசவில்லை.

மூன்று கிழமையால் திரும்ப எடுத்தார்கள். அறிக்கை கேட்கப் போனபோது தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார், நடுத்தர வயதுத் தமிழ் அம்மா. அவ ஒளிவுமறைவில்லாமல் சொன்னா: முதல்முறை பிள்ளை காலை மடித்துக் குறுக்கே வைத்திருந்ததாம். அவ்வளவுதான்!

அன்று டொக்டர் தாளில் கீறிக் காட்டி விளக்கினார். தொடக்கக் கிழமைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த இடத்தில் ஒரே மாதிரியான சின்ன மொட்டுத்தான். அதன் பிறகே பிரிகிறது. (கிழமை என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது.) 11 முதல் 13ஆம் கிழமைக்குள் பார்த்தால், அந்த மொட்டு முதுகுக் கோட்டுக்கு எத்தனை பாகை சரிவில் நிற்கிறது என்று அளப்பார்கள். 30 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் ஆண், படுத்திருந்தால் பெண். 11ஆம் கிழமையில் பத்துக்கு மூன்று பிழைக்கும். 13ஆம் கிழமையில் அநேகமாகப் பிழைக்காது. ஆகவே முந்திக் கேட்டு, முந்திச் சட்டை வாங்கவேண்டாம்.

20ஆம் கிழமையளவில் உருவமே தெரியும். தேவைப்பட்டால் ஆண் குறியை அடியிலிருந்து நுனிவரை மில்லிமீற்றரில் அளந்து, அந்தக் கிழமைக்குரிய அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். பெண் பிள்ளைக்கு இரு இதழ்களின் வெளி ஓரங்களுக்கிடையே அகலம் அளப்பார்கள். விதைகள் அப்போது வயிற்றுக்குள்தான் இருக்கும். 26ஆம் கிழமைக்குப் பிறகே கீழே இறங்கத் தொடங்கும். 20இல் பையில் காணவில்லை என்று யாரும் பயப்படத் தேவையில்லை. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் பிள்ளைக்குச் சராசரி மூன்றரை சென்ரிமீற்றர் இருக்கும். இரண்டரைக்குக் குறைந்தால் சுரப்பிகளைச் சோதிப்பார்கள். அளவு குறைந்தால் உடனே ஊனம் என்று அர்த்தமில்லை. இன்னும் பார்க்கவேண்டும் என்றுதான் அர்த்தம். பார்த்து, முன்கூட்டியே தெரிந்தால், பிறந்தவுடன் தேவையான வைத்தியத்துக்கு ஆயத்தமாக இருக்கலாம். ஆணா பெண்ணா என்று சொந்தக்காரருக்குச் சொல்வதற்காக அவர்கள் அளப்பதில்லை.

எங்கள் பிழை என்னவென்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இந்தப் பாரத்தை வைத்தது. அவளுக்கு அந்தச் சொற்கள் தமிழிலும் தெரியாது. யார் சொல்லிக் கொடுத்தது? பல மருத்துவமனைகளில் முன்கூட்டியே கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வார்கள். நேரம் பதியும்போதே கேளுங்கள். அன்றைக்குப் போய் நின்று கேட்டால் கிடைக்காமலும் போகலாம். அறிக்கையின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். "தெரியவில்லை" என்றா, "சரியில்லை" என்றா எழுதியிருக்கிறது என்று இரண்டு தரம் கேளுங்கள்.

பிள்ளை மாசியில் பிறந்தது, சுகமாக. நேர்த்தியை எப்போது தீர்ப்பது என்று மாமி இன்னும் கேட்கிறா. தடுப்பூசி அட்டை பற்றி அடுத்த இதழில் எழுதுகிறோம்.