பாக்யாவை ஏன் பின்னால் இழுத்தீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீரியலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வந்துவிட்டாளே, இவளுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்படியை ஒழித்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மனசுக்குள் கிடந்து அரிப்பதை நம் சகோதரிகளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

விஜய் டிவியில் 2020 ஜூலையில் தொடங்கி 2025 ஆகஸ்டில் முடிந்த 'பாக்கியலட்சுமி' தொடரை நானும் என் தங்கையும் ஒருநாள் விடாமல் பார்த்தோம். அவள் ஒரு ஊர், நான் ஒரு ஊர். முடிந்த கையோடு போன் வரும். "பார்த்தியாக்கா?" என்பதுதான் முதல் வார்த்தை.

வங்காளத்தில் 'ஸ்ரீமயி' என்று வந்து, இந்தியில் 'அனுபமா', தெலுங்கு, மலையாளம் என்று பல மொழிக்கும் போன கதை இது. எந்த மொழி பேசினால் என்ன, எல்லா வீட்டுச் சமையல்கட்டும் ஒன்றுதானே! விடியற்காலையில் எழுந்து ஆளுக்கொரு டிபன் செய்து, கடைசியில் ஆறிப்போனதைத் தின்னும் பாக்யாவைப் பார்த்தபோது, அட, நம்மைத்தான் காட்டுகிறார்கள் என்று தோன்றியது. இங்கிலீஷ் தெரியாது என்று புருஷன் கோபி மட்டம் தட்டும்போதெல்லாம் எனக்கே முகம் சுண்டிப்போகும்.

அந்தப் பாக்யா மெல்ல மெல்ல எழுந்தாள். மசாலாப் பொடி அரைத்து விற்றாள். சமையல் ஆர்டர் பிடித்தாள். தொழிலுக்கு மாமியார் ஈஸ்வரியின் பெயரையே வைத்தாள். கோபிக்கு ராதிகாவோடு தொடர்பு என்று தெரிந்ததும் அழுதாள்தான். ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. விவாகரத்து வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். இந்த வயசில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனாள். பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்து மருமகள் பக்கம் நின்ற அந்த மாமனாரைப் பார்த்து, இப்படி ஒரு பெரியவர் எல்லா வீட்டிலும் இருக்கக்கூடாதா என்று ஏங்கினோம்.

அதோடு முடித்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். இழுத்தார்கள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

கோபியும் ராதிகாவும் பாக்யா இருக்கும் அதே வீட்டுக்கு வந்து தங்கினார்களாம்! எந்த ஊரில் நடக்கும் இது? அப்பாவின் லட்சணத்தைக் கண்ணால் பார்த்து வளர்ந்த மூத்தவன் செழியனுக்கும் மாலினி என்று ஒருத்தி. அம்மா பட்ட பாடு பிள்ளைக்கு ஒரு பாடமும் சொல்லவில்லையா? கோபியின் கதையையே தூசி தட்டி மகனுக்கு மாட்டிவிட்டார்கள். பாவம் அந்த ஜெனி.

இதைவிட எனக்குப் பொறுக்காதது அமிர்தாவின் கதை. கைக்குழந்தையோடு நின்ற விதவைப் பெண்ணை எழில் கல்யாணம் செய்துகொண்டபோது எத்தனை பேர் மனசாரப் பாராட்டினோம்! செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த முதல் புருஷனை உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினார்களே, அது என்ன நியாயம்? மறுமணம் செய்துகொண்டால் இப்படித்தான் ஆகும் என்று பயமுறுத்துவது போலில்லையா?

ராதிகாவாக முதலில் ஜெனிஃபர் நடித்தார், பிறகு ரேஷ்மா வந்தார். எழிலும் பாதியில் ஆள் மாறினார். அதையெல்லாம் நாலு நாளில் பழகிக்கொண்டோம். ஆள் மாறினால் பழகிவிடும் சகோதரிகளே, குணம் மாறினால் எப்படிப் பழகும்?

கடைசியில் கோபிக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள் பாக்யா. அதில் தப்பே இல்லை. தெருவில் யார் விழுந்து கிடந்தாலும் தூக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைப் பாசத்தில் ஈஸ்வரி அவனை அந்த வீட்டுக்கே அழைத்து வந்தாரே, அப்போது "வேண்டாம் அத்தை" என்று உறுதியாக நின்றிருக்க வேண்டாமா? இத்தனை வருஷம் படிப்படியாக அவள் கற்றுக்கொண்டதெல்லாம் எங்கே போயிற்று? ராதிகாவும் கோபியை விட்டு விலகிப் போனாள். இரண்டு பெண்களின் வாழ்க்கையைக் கலைத்தவன் அம்மா மடியில் சொகுசாகத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"கதைதானே, இதுக்கு ஏன் இத்தனை ஆத்திரம்?" என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். காரணம் இருக்கிறது.

என் தங்கையின் புருஷன் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போய்விட்டார். இட்லி மாவு அரைத்து விற்றும், ஜாக்கெட் தைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கூட இருந்தவள் கைவிட்டுவிட்டாள். உடனே பஞ்சாயத்துப் பேச வந்துவிட்டார்கள் எங்கள் பெரியம்மா. அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஏன்டி, டிவியில பாக்யாவே கோபியை வீட்டுல வச்சுப் பார்த்துக்கிட்டாளே, உனக்கு மட்டும் என்னடி அப்படி ஒரு வீம்பு?"

தங்கை மாவு வாளியை மூடிக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கு பெரியம்மா. அந்த ஆளு என் வீட்டுக்கு வந்து ஒரு நாள் மாவாட்டட்டும், அப்புறம் பேசலாம்."

அவரை வீட்டுக்குள் விடவில்லை. ஆனால் மாசா மாசம் மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்புகிறாள். அதையும் யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. இதுதான் ஐயா மனிதாபிமானம்! வாசலுக்கு வெளியே நின்று உதவி செய்யவும் ஒரு பெண்ணுக்குத் தெரியும். அதைக் காட்டியிருந்தால் அந்தத் தொடர் எங்கேயோ போயிருக்கும்.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. பெரியம்மா கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்த வளர்ப்பு. தலையைக் குனிந்துகொண்டு காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். டிவிக்குள் இருக்கும் பாக்யாவுக்காக மணிக்கணக்கில் போனில் வாதாடியவள், கூடப்பிறந்தவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அபராதமாகத்தான் இந்தக் கடிதம்.

தொடர் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதை தீர்ந்தால் முடித்துவிடுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். இன்னும் நாலு மாசம் ஓட்ட வேண்டும் என்பதற்காக, எழுந்து நின்ற பெண்ணைப் பிடித்து மறுபடி உட்கார வைக்காதீர்கள். நீங்கள் எழுதுவதை எங்கள் பெரியம்மாக்கள் சட்டமாக்கிவிடுகிறார்கள்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு பெண்ணைப் பார்த்து, "டிவியில அவளே செஞ்சாளே" என்று பேச்செடுத்தால், என்னைப் போல் டம்ளர் கழுவப் போய்விடாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.