ரஷ்ய எண்ணெய்க்கும் கல்லுப்பட்டி பருத்திக்கும் என்ன சம்பந்தம்?

போன வாரம் டி.கல்லுப்பட்டி பக்கம் ஒரு மானாவாரிப் பருத்தி வயலில் நின்று சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வயல்காரர் இடையில் நிறுத்தி, "பூச்சிய நான் பாத்துக்கிறேன் சார். மாசியில எடுக்கும்போது விலை இருக்குமா? வெளிநாட்டுப் பஞ்சை வரியில்லாம இறக்குறாங்களாமே?" என்றார். 2025இல் அப்படி இறக்கியது உண்மைதான். ஆனால் அதன் வேர் பஞ்சில் இல்லை, கச்சா எண்ணெயில் இருக்கிறது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்ததும் மேற்கு நாடுகள் ரஷ்ய எண்ணெயை ஒதுக்கின. வாங்க ஆளில்லாத சரக்கு தள்ளுபடிக்கு வந்தது. அதற்கு முன் நம் நாடு வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. இரண்டே ஆண்டுகளில் அது 35 சதவீதத்தைத் தாண்டியது. அன்று அமெரிக்கா இதைத் தடுக்கவில்லை. ரஷ்ய எண்ணெய் சந்தையில் இல்லாமல் போனால் அவர்கள் ஊரிலும் பெட்ரோல் விலை ஏறும் அல்லவா? அதனால் பீப்பாய்க்கு 60 டாலர் என்று உச்ச விலை வைத்து, அதற்குள் வாங்கினால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

2025இல் நிலைமை தலைகீழானது. ரஷ்யாவைப் போரை நிறுத்த வைக்க, அதன் எண்ணெயை வாங்குபவர்களை நெருக்குவது என்று டிரம்ப் அரசு முடிவெடுத்தது. இந்தியப் பொருள்களுக்கு ஏற்கெனவே விதித்த 25 சதவீத வரியோடு இன்னொரு 25 சேர்ந்து, ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம் ஆனது. நம்மைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கும் சீனாவுக்கு அன்று இந்தத் தண்டம் விதிக்கப்படவில்லை. திருப்பி அடிக்கக்கூடியவனை அடிப்பதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவே எண்ணெயும் எரிவாயுவும் விற்கும் நாடு என்பதையும் மறக்க வேண்டாம். தங்களிடம் கூடுதலாக வாங்கச் சொல்வதோடு, மக்காச்சோளம், சோயா, பால் பொருள்களுக்கும் கதவைத் திறக்கச் சொன்னார்கள்.

அடி முதலில் விழுந்தது திருப்பூரில். அன்று நமக்கு 50 சதவீதம். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20. ஆலைகளுக்காவது மூலப்பொருள் மலிவாகக் கிடைக்கட்டும் என்று, பஞ்சு இறக்குமதிக்கு 2021 முதல் இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு ஆகஸ்ட் 19 முதல் நீக்கியது. முதலில் செப்டம்பர் வரை என்றார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். ஆலைகளைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் விளையும் பஞ்சு அவர்கள் தேவையில் சிறு பங்குதான். ஆனால் அந்த 11 சதவீதம் உள்ளூர் விலைக்கு ஒரு வேலியாக இருந்தது. வேலியை எடுத்ததும், 2025இல் அறுவடை நடந்த தெலங்கானா, மகாராஷ்டிரச் சந்தைகளில் விலை ஆதார விலைக்குக் கீழே இறங்கியது.

சலுகை 2025 டிசம்பர் 31 வரைதான் என்றார்கள், நம் பருத்தி மாசியில்தானே வரும் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆலைக் குடோன்களில் நிரப்பிய பஞ்சு சில மாதங்களுக்கு ஓடும்.

ஆகவே ஆதார விலையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 என்று வைத்தார்கள். இந்தியப் பருத்திக் கழகத்துக்கு விற்க வேண்டுமானால் 'கபாஸ் கிசான்' செயலியில் முன்கூட்டியே பதிய வேண்டும். அடங்கல், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு இரண்டும் தேவை. கொள்முதல் எங்கே, பதிவுக்குக் கடைசி நாள் எது என்பதைத் திருமங்கலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள். ஈரப்பதம் 8 சதவீதம் இருந்தால் முழு விலை. 12ஐத் தாண்டினால் எடுக்கவே மாட்டார்கள். பனி காய்ந்த பிறகு எடுங்கள், கொட்டுப் பருத்தியைத் தனியே பிரியுங்கள். உரச்சாக்கில் மட்டும் திணிக்காதீர்கள், பிளாஸ்டிக் இழை கலந்த பஞ்சுக்கு எந்த ஆலையிலும் மதிப்பில்லை.

இருக்கும் பருத்தியை அழித்துவிட்டு மக்காச்சோளம் போடலாமா என்றும் அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கார்த்திகையில் விதைத்தால் கதிர் பிடிக்கும் நேரத்தில் மானாவாரி நிலத்தில் ஈரம் நிற்காது. மாசிப் பட்டத்தில் இறவைப் பருத்தி போட நினைப்பவர்களுக்குத்தான் இன்னும் யோசிக்க நேரம் இருக்கிறது. பஞ்சு இறக்குமதிக்கு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விதை வாங்குங்கள்.