சர்க்காரின் நகைப் பெட்டி

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டிக் கல்வராயன் மலைமீது வளைந்து வளைந்து சென்றால் வெள்ளிமலை என்று ஓர் ஊர் வருகிறது. பெயரைக் கேட்டுவிட்டு யாரும் கோணிப்பையுடன் புறப்பட வேண்டாம். அங்கே வெள்ளிச் சுரங்கம் கிடையாது. சாமையும் தினையும் மரவள்ளியும் உண்டு, கடுக்காய் உண்டு. அதன் பக்கத்து ஊரான கரியாலூரில், ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தபோதுதான், நேயர்களே, சர்க்கார் பொக்கிஷத்தைப் பற்றி எனக்கு ஒரு பரீட்சை நடந்தது.

கடைக்காரர் கைபேசியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். ரிஸர்வ் பாங்கி மேலும் தங்கம் வாங்கியிருக்கிறதாம். பக்கத்திலிருந்த மலைவாசிப் பாட்டி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவள் காதில் தோடு இல்லை. துளை தூர்ந்து போகாமலிருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தது. தோடு கீழே அடகில் இருக்கிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

"சர்க்காருக்கு எதுக்குச் சாமி தங்கம்? அதுக்குக் காதா, மூக்கா?" என்றாள்.

"அவசரத்துக்கு உதவும், பாட்டி."

"அப்படின்னா அதுவும் அடகு வைக்குமா?"

வைத்திருக்கிறது என்பதைச் சொல்லத்தானே வேண்டும்? 1991-ம் வருஷத்தில் நமது தேசத்தின் கையிருப்பிலிருந்த அன்னிய நாணயம் சில வார இறக்குமதிக்குக்கூடப் போதாத நிலைமைக்கு வந்துவிட்டது. மே மாதத்தில் சர்க்கார் வசமிருந்த 20 டன் தங்கத்தை, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையுடன், ஸ்டேட் பாங்கியின் மூலமாக ஸ்விட்சர்லாந்து பாங்கி ஒன்றுக்கு விற்றார்கள். அது போதவில்லை. ஜூலையில் ரிஸர்வ் பாங்கியின் சொந்தத் தங்கத்திலிருந்தே ஏறக்குறைய 47 டன் விமானத்தில் ஏறிற்று. இங்கிலாந்து பாங்கியும் ஜப்பான் பாங்கியும் அதன்மேல் கொடுத்த கடன் 40 கோடியே 50 லட்சம் டாலர். அப்போது ரிஸர்வ் பாங்கியின் கவர்னராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். அந்தப் பொறுப்பில் அவர் எத்தனை இரவு தூங்கியிருப்பாரோ!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தங்கம் பம்பாயில் பத்திரமாக இருக்கிறது, கணக்கைப் பார்த்துக் கடன் கொடுங்கள் என்றால் யாரும் கேட்கவில்லை. நகையைக் கொண்டுவந்து மேஜைமேல் வை என்றார்கள். கரியாலூர்ப் பாட்டியிடம் அடகுக் கடைக்காரர் சொன்னதும் அதுதான். அந்த வருஷம் முடிவதற்குள் சர்க்கார் கடனைத் தீர்த்துத் தங்கத்தை மீட்டுவிட்டது. ஆயினும் மீட்ட தங்கம் உடனே வீடு வந்து சேரவில்லை, லண்டனிலேயே தங்கிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1990 அக்டோபர் வரையில் ரிஸர்வ் பாங்கியின் கணக்குப் புத்தகத்தில் 10 கிராம் தங்கத்தின் விலை 84 ரூபாய் 39 காசு. கடைத்தெருவிலோ அது மூவாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. பாட்டியின் பாட்டி வாங்கிய விலையிலேயே நகையைக் கணக்கெழுதி வைத்திருந்த குடும்பம் நம்முடையது.

உலோகம் எதுவானாலும் க்ஷேமந்தான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வெள்ளியின் கதை வேறு. முதல் உலக யுத்தத்தில் ரூபாய் நாணயம் அடிக்க வெள்ளி இல்லாமல் தவித்தபோது, 1918-ல் அமெரிக்கா பிட்மன் சட்டத்தின்படி 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்குக் கொடுத்தது. பத்து வருஷத்திற்குள் அன்றைய இந்திய சர்க்காரே தன்னிடம் குவிந்திருந்த வெள்ளியைச் சந்தையில் தள்ள ஆரம்பித்தது. விலை சரிந்து கொண்டே போயிற்று. கடைசியில் 1933-ல் லண்டனில் பல தேசங்கள் கூடி, இந்தியா வருஷத்திற்கு இவ்வளவுதான் விற்கலாம் என்று வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. பெயரளவில் மட்டும் வெள்ளியுள்ள மலை எவ்வளவோ மேல்!

தங்கத்திலோ தவறு எதிர்ப் பக்கத்தில் நேர்ந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டது. விளைபொருளின் விலை விழுந்து கிடந்த காலம் அது. வரி கட்டவும் வட்டி கட்டவும் குடியானவர்கள் தாலியைத் தவிர மற்றதையெல்லாம் விற்றார்கள். அந்தத் தங்கம் வருஷக்கணக்கில் கப்பல் கப்பலாக வெளியேறிற்று. ஏற்றுமதியைத் தடுத்து, அதைச் சர்க்காரே வாங்கி நிதியாக வைக்க வேண்டும் என்று தேசபக்தர்கள் கரடியாய்க் கத்தினார்கள். டில்லியின் காதில் ஏறவில்லை. பிறகு இரண்டாவது யுத்தத்தில் நாம் அனுப்பிய சரக்குக்கெல்லாம் கிடைத்தது ஸ்டெர்லிங் கடன் பத்திரம்; 1946-ல் அது 1,700 கோடி ரூபாய்க்கும் மேல். 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பை டாலருக்கெதிராக முப்பது சதவிகிதம் குறைத்தபோது, மிச்சமிருந்த பத்திரமும் நமது ரூபாயும் கூடவே சேர்ந்து இறங்கின.

தங்கம் வட்டி தராது. காவலுக்குச் செலவு வேறு என்று பொருளாதார நிபுணர்கள் சொல்வார்கள். மெய்தான். அப்படிச் சொல்லித்தான் 1999 முதல் 2002 வரையில் பிரிட்டிஷ் சர்க்கார் ஏறக்குறைய 395 டன் தங்கத்தை விற்றது. அப்போது அவுன்ஸ் முந்நூறு டாலருக்கும் கீழே. 2009 நவம்பரில் நமது ரிஸர்வ் பாங்கி சர்வதேச நிதி நிறுவனத்திடமிருந்து 200 டன்னை 670 கோடி டாலருக்கு வாங்கியபோது, அவுன்ஸுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தது. அதையும் ஏமாளித்தனம் என்றவர்கள் உண்டு. இன்றைய விலையைப் பார்த்துவிட்டு அவர்கள் மௌன விரதம் பூண்டிருக்கிறார்கள். ஆனால் விலை ஏறியதை மட்டும் வைத்து நான் இதைப் புகழவில்லை. 2022-ல் உக்ரைன் யுத்தத்தின்போது ருஷ்யாவின் நிதியில் சுமார் 30,000 கோடி டாலரை மேனாட்டார் முடக்கினார்கள். முடங்கியது அன்னியரிடமிருந்த நிதி. மாஸ்கோவில் கிடந்த தங்கத்தை எவரும் தொட முடியவில்லை.

எல்லாவற்றையும் தங்கமாக்கு என்பது என் கட்சியல்ல. 2025 மார்ச் முடிவில் நம்மிடமிருந்தது 879 டன்னுக்குச் சற்று அதிகம். மொத்த அன்னியச் செலாவணிக் கையிருப்பில் அது எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அளவு எனக்குச் சம்மதம். எனக்குள்ள கவலை, பெட்டி இருக்கும் இடத்தைப் பற்றியது. 2024-ல் சுமார் 100 டன்னை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். அப்படியும் மேற்படி கணக்கில் 512 டன்தான் இந்தியாவில். 348 டன் இங்கிலாந்து பாங்கியிலும் ஸ்விட்சர்லாந்தின் சர்வதேச பாங்கியிலும் இருந்தது. அவசரத்துக்கு விற்பதற்கு லண்டன் சௌகரியமான சந்தை என்று அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது.

இதையெல்லாம் சுருக்கமாகப் பாட்டிக்கும் சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"பெட்டி அவங்க வூட்டுல இருக்குதுங்கிற. சாவி யாருகிட்ட இருக்குது, சாமி?"

இறங்கு பஸ் வந்துவிட்டது. தை மாதத்தில் மரவள்ளி பிடுங்கியதும் தோட்டை மீட்டுவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டே அவள் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.