சேமலாப நிதி யார் பெயரில்?

கருமாதி முடிந்த கையோடு தோட்ட ஆபீசுக்கும் தொழில் திணைக்களத்துக்கும் நம் குடும்பங்கள் அலையத் தொடங்குகின்றன. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு இல்லை. லயக் காம்பராவும் சொந்தமில்லாத நமக்கு, கொழுந்து பறித்த காலத்துக்கெல்லாம் மிச்சம் ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும்தான்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் வேலை செய்தவர் இறந்தாலும் பணிக்கொடை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். சேமலாப நிதியோ நாம் எழுதிக்கொடுத்த நியமனதாரருக்கு. வேலைக்குப் பெயர் பதிந்த வயதில் எழுதிய தகப்பனார் பெயரே இன்றும் கிடக்கிறதா?

மலையகத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது. உயில் இல்லாவிட்டால் துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. துணை என்று காட்ட விவாகப் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் நிரூபிக்க அலைய வேண்டியதுதான். உயில் எழுத நொத்தாரிசும் 2 சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் 5 சாட்சிகள் போதும்.

சாவைப் பேசுவது அபசகுனம் என்பார்கள் பெரியவர்கள். அது கிடக்கட்டும், பெயர் திருத்தப் போனால் ஒரு நாள் பேர் போகுமே என்பதுதான் உண்மையான தடை. அதனால் நியமனப் படிவத்தையும் பெயர்த் திருத்தத்தையும் நிர்வாகம் பெரட்டுக்களத்திலேயே செய்துதர வேண்டும் என்று கேட்கிறோம். அதுவரை, அடையாள அட்டையோடு இந்த மாதமே தோட்டத் தலைவரைப் பாருங்கள்.