திகதி எந்தக் கலண்டரில் விழுகிறது?

நெடுங்கேணியில் எங்கள் வீடுகளில் ஒரு கைத்தொலைபேசியிலேயே இரண்டு மூன்று மின்னஞ்சல் கணக்குகள் இருக்கும். என்னிடம் ஒன்று எனக்கு, ஒன்று மகளின் படிப்புக்கு, மற்றது மாதர் சங்கத்துக்கு. கூட்டம், பயிற்சி, விசாரணை என்று திகதிகள் ‘ஐசிஎஸ்’ என முடியும் கோப்பாகவும் வருகின்றன.

அது பிழையான கலண்டரில் விழுந்தால் இரண்டு தீமை. வவுனியாவுக்கு பஸ் ஏற வேண்டிய நாள் எங்கள் கண்ணில் படாது. காணாமற்போன கணவரைப் பற்றிய விசாரணைத் திகதி சங்கத்தின் பொதுக் கலண்டரில் விழுந்தால், அதைப் பார்க்கும் எல்லோரும் வாசிப்பார்கள். எமது துயரத்தை யாருக்குச் சொல்வது என்பது எமது உரிமை.

ஆகவே சகோதரிகளே, கூகிள் கலண்டரைக் கணினியில் திறவுங்கள். கைத்தொலைபேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. முதலில் மேலே வலப்பக்க வட்டத்தை அழுத்தி, எந்தக் கணக்கு என்று பாருங்கள். பிறகு ‘செற்றிங்ஸ்’ சென்று, ‘இம்போர்ட் அன்ட் எக்ஸ்போர்ட்’ பகுதியில் கோப்பைத் தெரிவு செய்யுங்கள். எந்தக் கலண்டரில் சேர்ப்பது என்று அங்கேயே கேட்கும். அவசரப்படாதீர்கள். நாம் மாற்றாவிட்டால் அந்தக் கணக்கின் முதன்மைக் கலண்டருக்கே போகும்.

நிறையத் திகதிகள் என்றால் நான் முதலில் புதிய கலண்டர் ஒன்றை உருவாக்கிக்கொள்வேன். பிழைத்துப்போனால் அதை மட்டும் முழுதாக அழிக்கலாம். முதன்மைக் கலண்டரில் என்றால், மற்றவை அழியாமல் பிழையானவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத்தான் அழிக்க வேண்டும். பிறர் கணினியென்றால், முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்.

அனுப்பியவர் பின்னர் திகதியை மாற்றினாலும் எங்களிடம் உள்ளது மாறாது. முதல் நாள் ஒருமுறை கேட்டுவிட்டே புறப்படுங்கள்.