காயலான் கடைக்குப் போகும் பின் ஆக்ஸில்கள்

இந்தத் தடவை கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். சந்தோஷம்தான். தாத்தா காலத்து ஃபோர்டைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து, பெயிண்ட் அடித்து, நிக்கல் பூசி, ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் நிறுத்துகிறார்கள். நானும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போவேன். எல்லோரும் முன்பக்கம் நின்று போட்டோ எடுக்கும்போது நான் பின்பக்கம் குனிந்து அடியில் பார்ப்பேன். முப்பத்தைந்து வருஷம் பஸ் பட்டறையில் ஆக்ஸில்களோடு குடும்பம் நடத்தியவனுக்குக் கண் வேறு எங்கே போகும்? அங்கேதான் வயிறு எரிகிறது. மேலே 1930, கீழே ஏதோ ஒரு ஜீப்பின் பின் ஆக்ஸில். கேட்டால், "பழைய ஹவுசிங் தேஞ்சு போச்சு சார், எடைக்குப் போட்டுட்டோம்" என்கிறார்கள்.

ஃபோர்டு மாடல் ஏ வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். 1928 முதல் 1931 வரை 48 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய வண்டி அது. ஃபோர்டு கம்பெனி 1926லேயே இந்தியாவில் கிளை தொடங்கியது. அதனால் நம் ஊர்ப் பக்கமும் இந்த வண்டிகள் நிறையவே ஓடின. இதன் பின் சக்கர அமைப்பு தெரியாமல்தான் பாதிக் கொலை நடக்கிறது.

இப்போதைய வண்டிகளில் பேரிங்குக்கு உள் வளையம், வெளி வளையம் இரண்டும் உண்டு. தேய்ந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். மாடல் ஏ பின் சக்கரத்தில் அந்த வளையங்கள் கிடையாது. ஆக்ஸில் ஹவுசிங்கின் முனையே உள் வளையம். ஹப்பின் உட்புறமே வெளி வளையம். நடுவில் ரோலர்கள் மட்டும் உருளும். ஹவுசிங் சுற்றாது, ரோலர்கள்தான் அதைச் சுற்றி ஓடும். வண்டியின் பாரம் முழுவதும் ஹவுசிங் முனையின் அடிப்பக்கத்தில் இறங்குகிறது. ஆகவே தேய்மானமும் அடிப்பக்கம்தான். மேலே தடவிப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். கீழே நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். பேரிங்கை மட்டும் புதுசாக மாட்டி என்ன பிரயோஜனம்? குழி விழுந்த ரோட்டில் புது டயர்.

பள்ளம் விழுந்தால் சக்கரம் ஆடும். சக்கரம் ஆடினால் பிரேக் ட்ரம் நடு விலகிச் சுற்றும். ராடு இழுத்துப் பிடிக்கிற பிரேக், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் கவ்வி இன்னொரு இடத்தில் விடும். கிரீஸ் கசிந்து லைனிங்கில் ஏறும். எல்லாவற்றையும்விட மோசம், ஹவுசிங் தாங்க வேண்டிய ஆட்டத்தை உள்ளே இருக்கும் ஷாஃப்ட் வாங்கிக்கொள்ளும். அந்த வண்டியில் சக்கரம் வெளியே வராமல் பிடித்திருப்பது ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் நட்டு ஒன்றுதான். ஷாஃப்ட் உடைந்தால் ட்ரம்மோடு சக்கரம் தனியே போய்விடும்.

போகாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் வண்டி ஒன்றில் இது நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் பின் சீட்டில். நல்ல வேளை, நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில்தான் வண்டி போய்க்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தபோது ஹவுசிங் முனையில் தகரம் சுற்றியிருந்தது! டப்பாத் தகரம். பெயிண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்த முதலாளி, ஆட்டத்தை நிறுத்தத் தகரத்துக்குச் சம்மதித்திருக்கிறார். வேறு சிலர் சென்டர் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி, மேடு எழுப்பி இறுக்குவார்கள். ரோலர் நாலு நாள் ஓடினால் அந்த மேடு மாவாகிவிடும்.

சரியான வைத்தியம் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தேய்ந்த முனையை கிரைண்டிங் செய்து வட்டமாக்கி, கெட்டிப்படுத்திய இரும்பில் ஸ்லீவ் செய்து, சூடாக்கி ஏற்றி, ஆறியதும் வெளிவிட்டத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளவுக்கு எங்கே போவது? ரோலர் ஓடாத ஓரத்தில் ஃபோர்டு வைத்த அளவு அப்படியே இருக்கும், மைக்ரோமீட்டர் வையுங்கள். பள்ளம் அதிகமானால் முனையை அறுத்துவிட்டுப் புது முனை பற்றவைக்கலாம். அமெரிக்காவில் அதற்கென்றே முனைகள் விற்கிறார்கள். ஆனால் உள்ளே நேர்த்தண்டு கொடுத்துத்தான் வெல்டிங் செய்ய வேண்டும். இல்லையென்றால் சூட்டில் ஹவுசிங் வளைந்து சக்கரம் கோணலாக நிற்கும். ஹப்பின் உட்புறத்தையும் மறக்காமல் அளக்க வேண்டும், அதுவும் தேய்ந்திருக்கும். பஸ் பட்டறைகளில் இதைவிடப் பெரிய வேலையெல்லாம் நாங்கள் அன்றாடம் செய்தோம். செய்யத் தெரிந்த டர்னர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேலை கொடுப்பவர்தான் இல்லை.

"ஜீப் ஆக்ஸில் போட்டால் ஹைட்ராலிக் பிரேக் கிடைக்கிறதே, அதுதானே பாதுகாப்பு?" என்று ஒரு இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. மாடல் ஏயில் சக்கரம் வண்டியைத் தள்ளும் விசை டார்க் ட்யூப் வழியாக முன்னால் போய்ச் சேருகிறது. பின்னால் இருப்பது ஒரே ஒரு குறுக்கு ஸ்பிரிங். ஜீப் ஆக்ஸில் நீளவாட்டு ஸ்பிரிங்கில் உட்கார்ந்து, திறந்த ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டில் ஓடப் பிறந்தது. அதைக் கொண்டுவந்து இங்கே மாட்டினால் ஸ்பிரிங், பிராக்கெட், சேசிஸ் என்று ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். வெட்டுகிறார்கள். கணக்குப் போட்டு வெட்டுவதில்லை, கண்ணால் பார்த்து வெட்டுகிறார்கள். இதையா பாதுகாப்பு என்பது?

2021ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. நல்ல விதிதான். பின் ஆக்ஸிலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, அந்த ஓட்டைக்குள்தான் இவர்கள் நுழைகிறார்கள். கண்காட்சி நடுவர்களாவது குனிந்து பார்க்கக் கூடாதா? முழங்கால் வலி என்றால் ஒரு கண்ணாடியைக் கீழே நீட்டிப் பாருங்கள் ஐயா.

வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஜாக்கி போட்டுப் பின் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடக்கென்றால் ட்ரம்மைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக் கொல்லையில் பழைய ஃபோர்டு ஹவுசிங் கிடக்கிறது என்றால், காயலான் கடைக்காரர் வருமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். முனை தேய்ந்திருந்தால் பரவாயில்லை. மணி மாதிரி விரிந்திருக்கும் பக்கத்தில் விரிசல் இல்லாமல் இருந்தால் போதும், நானே ஆட்டோ வைத்து வந்து எடுத்துக்கொள்கிறேன்.